உயர்நிலை வகுப்பு ஆங்கிலம்: பாடப்பொருள், துணைக்கருவி பற்றி ஆசிரியர்கள் கேட்பவை

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் குறுவள மையக் கூட்டங்களிலும் (அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் இடம்) பயிற்சி நாட்களின் தேநீர் இடைவேளையிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும் நம் வகுப்பறைகளையும் மனத்தில் வைத்தவை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். நெருக்கடி அங்கேதான் அதிகம்.

டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) என்றால் சார்ட்டும் மாடலும்தானே மேடம்? ஹைஸ்கூல் ஆங்கிலத்துக்கு அதை வைத்து என்ன செய்வது?

சார்ட் ஒரு வகை, அவ்வளவுதான். பிள்ளை எதைப் பார்த்து, கேட்டு, தொட்டு ஆங்கிலத்தில் படிக்கவோ பேசவோ எழுதவோ செய்கிறதோ அதெல்லாம் துணைக்கருவி. பிஸ்கட் உறையும் அதில் சேரும், பழைய செய்தித்தாளும் சேரும், நீங்கள் கையால் எழுதிய கால் பக்கச் சீட்டும் சேரும்.

எதைக் கையில் எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வைத்து எத்தனை பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதாவது செய்வார்கள்? ராத்திரி கண்விழித்து வரைந்த வண்ணச் சார்ட்டைச் சுவரில் மாட்டினால் முதல் நாள் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த வாரம் அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதே நேரத்தில் எழுதிய இருபத்தைந்து சீட்டுகளை ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஐம்பது வாயும் அசையும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்தக் கேள்வியை ஒட்டித்தான் போகின்றன.

பாடப்புத்தகமே இவ்வளவு தடிமனா இருக்கு. அதை முடிக்கவே நேரமில்லை. வேற எதுக்கு?

2018-19இலும் அதற்கடுத்த ஆண்டிலுமாக வந்த புதிய பாடநூல்களில் நாம் தொடாமல் விடும் பகுதிகள் நிறைய. கேட்டல் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கணினிவழிச் செயல்பாடு தரும் ஐ.சி.டி. கார்னர் ஆகியவற்றைத் தாண்டிக் கேள்வி-பதிலுக்குப் போய்விடுகிறோம். முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். வெளியே தேடுவது அதற்கப்புறம்.

ஆனால் பாடப்புத்தகம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் ஒரு புதுச் சொல் ஒரு பாடத்தில் வரும், பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. ஒரு சொல் மனத்தில் தங்க வேண்டுமானால் வெவ்வேறு இடங்களில் பலமுறை கண்ணில் பட வேண்டும். அந்தப் பலமுறையைத் தருவது கூடுதல் வாசிப்புதான். மற்றபடி, பாடநூலுக்குப் போட்டியாக எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை.

க்யூஆர் கோடு, ஹைடெக் லேப், கல்வித் தொலைக்காட்சி... இதில் எதை எப்போது காட்டுவது?

பாடநூல் க்யூஆர் குறியீடுகளை 2017இல் தொடங்கிய தீக்ஷா செயலியில் திறக்கலாம். கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது. பல காட்சிகளை யூடியூபிலும் பார்க்கலாம். முந்தின நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; வகுப்பில் நின்று வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பாடவேளை போய்விடும்.

முழுக் காணொளியை ஒரே ஓட்டமாகப் போடாதீர்கள். இரண்டு நிமிடம் போதும். முதலில் ஒலியில்லாமல் காட்டி, "என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒலியோடு காட்டுங்கள். மூன்றாவது முறை காட்டும்போது கரும்பலகையில் நீங்கள் எழுதிய எட்டுச் சொற்களில் எவை காதில் விழுந்தன என்று குறிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முதல் உரைநடையில் பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சு வருகிறதே, அதற்குப் பறவைக் குஞ்சுகள் முதன்முதலாகப் பறக்கும் எந்தச் சின்னக் காட்சியும் பொருந்தும். பாடத்தின் பெயரிலேயே காணொளி இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம்.

எங்க ஸ்கூல்ல நெட்டும் கிடைக்காது, புரொஜெக்டரும் ரிப்பேர். அப்போ ஒன்றும் செய்ய முடியாதா?

நிறையவே செய்யலாம், அதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. செயல்வழி மொழி கற்பித்தல் (டாஸ்க் கொடுத்து மொழி கற்பிப்பது) என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் முறைக்கு முக்கியமான தொடக்கங்களில் ஒன்று 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை போன்ற தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம். கரும்பலகை, சாக்பீஸ், காகிதம், பென்சில், இவ்வளவுதான் கருவி. வகுப்பு நிறையப் பிள்ளைகள். அவர்களுக்கு ரயில் கால அட்டவணை, வரைபடம், பள்ளி நேர அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை கண்டுபிடிக்க வைத்தார். இலக்கண விதி சொல்லித் தரவில்லை. விடை கண்டுபிடிக்கும் வேலையிலேயே பிள்ளைகள் மொழியைப் புழங்கினார்கள்.

இதை நாளைக்கே செய்யலாம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இருக்கும் நேரப் பலகையை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதுங்கள்: புறப்படும் நேரம், சேரும் நேரம், கட்டணம். முதலில் வகுப்பு முழுவதோடும் சேர்ந்து ஒரு கணக்கைப் போடுங்கள். "காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எந்த வண்டியில் ஏறுவது? அதைத் தவறவிட்டால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, பதில் வரவர எழுதிக் காட்டுங்கள். அடுத்து அதே மாதிரி இன்னொரு கணக்கு, இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக. விடை சரியா என்று மட்டும் பாருங்கள். அந்த நேரத்தில் இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

பிரபு மூன்று வகை இடைவெளிகளைச் சொன்னார். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லாத தகவல் இடைவெளி, யோசித்து வரவழைக்க வேண்டிய தர்க்க இடைவெளி, ஆளுக்கொரு கருத்துச் சொல்லும் கருத்து இடைவெளி. நம் வகுப்புகளுக்கு இரண்டாவதான தர்க்க இடைவெளி நன்றாகப் பொருந்துகிறது. விடை உறுதியாக இருப்பதால் கூச்சமுள்ள பிள்ளையும் கை தூக்குகிறது.

காசு செலவில்லாமல் வெளியே கிடைக்கும் ஆங்கிலம் என்று எதையெல்லாம் சேர்த்து வைக்கலாம்?

ஒரு பழைய ஷூ பெட்டி போதும். பிஸ்கட், சோப்பு, நூடுல்ஸ் உறைகள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் வெளியுறை, ரயில் முன்பதிவுச் சீட்டு, வங்கிப் பணம் கட்டும் சலான், கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், செல்போன் பெட்டியில் வரும் கையேடு. பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் பெட்டி நிரம்பிவிடும். மாத்திரை அட்டை மட்டும் வேண்டாம், ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டு வரும்.

உறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு. ஓ.ஆர்.எஸ். உறையில் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்கச் சொல்லும் வரிகள் அத்தனையும் கட்டளை வாக்கியங்கள். பிஸ்கட் உறையில் எடை, உட்பொருள், தயாரித்த தேதி இருப்பதால் ஒப்பீட்டு வாக்கியங்களுக்கு உதவும்: எது கனம், எது மலிவு, எதில் சர்க்கரை அதிகம். சலான் படிவம் நிரப்பக் கற்றுத் தரும். இரண்டு பெஞ்சுக்கு ஓர் உறை, மூன்று கேள்விகள், பத்து நிமிடம்.

செய்தித்தாளில் நீளமான கட்டுரைகளுக்குப் போகாதீர்கள். படத்தை ஒரு பக்கமும் அதன் கீழ் வரியை ஒரு பக்கமுமாக வெட்டிக் கலைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். வானிலைக் கட்டமும் விளையாட்டுப் புள்ளிப் பட்டியலும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தாங்களாகவே படிக்கும் பகுதிகள்.

ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்காங்க. அவங்களுக்கு எல்.கே.ஜி. புத்தகத்தையா கொடுப்பது?

கொடுக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் ஆப்பிள் படம் போட்ட புத்தகத்தைத் திணித்தால் அது படிக்காது. கூடப் படிப்பவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கமே மிஞ்சும். தொடக்கநிலை ஒலிகள் வேண்டும்தான். ஆனால் அவை வயதுக்கேற்ற உடையில் வர வேண்டும்.

எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியில் தொடங்குங்கள். எஸ், ஏ, டி (T), பி (P), ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள் தெரிந்தால் போதும். ஸேட், டேப், பின், டின், நேப், பேன் என்று முழுச் சொற்களை அன்றைக்கே வாசித்துவிடலாம். இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள வரிசை இது. அகர வரிசையில் போனால் ஒரு சொல் வாசிக்கவே பல நாள் ஆகும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி எழுத்துச் சீட்டாக்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் உறை, அதில் அந்த ஆறு எழுத்துகள். வாரந்தோறும் இரண்டு, மூன்று எழுத்துகள் சேரும்.

வாசிப்புக்கு அவர்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஆங்கிலத்தை எடுங்கள்: ஊர்ப் பெயர்ப் பலகை, கடைப் பலகை, கிரிக்கெட் வீரர் பெயர், பைக் கம்பெனிப் பெயர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தே படிக்கும்போது எந்த எழுத்து எந்த ஒலி என்பது பிடிபடும். தினமும் பத்து நிமிடம், நான்கைந்து பேர் கொண்ட குழு, மதிய இடைவேளைக்குப் பின். மூன்று மணி நேரம் ஒரே நாளில் உட்கார வைப்பதைவிட இது பலன் தரும்.

இலவசமா, நல்ல ஆங்கிலக் கதைகள் எங்கே கிடைக்கும்?

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை முதலில் பாருங்கள். கதைகள் நான்கு நிலைகளில் இருக்கின்றன. பதிவிறக்கி அச்செடுக்கலாம், பெயர் குறிப்பிட்டு மாற்றிக்கூட எழுதலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. நமக்கு அதில் இன்னொரு வசதி: பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. முதலில் தமிழ்க் கதையைப் படிக்க விடுங்கள், மறுநாள் அதே கதையை ஆங்கிலத்தில் கொடுங்கள். கதை தெரிந்திருப்பதால் பிள்ளை சொல்லோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

கேட்பதற்கு பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு வருகிறது. அது பத்தாம் வகுப்பின் நல்ல மாணவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்குக் கடினம். பதின்வயதினருக்கான பிரிட்டிஷ் கவுன்சில் பக்கங்களில் ஏ1, ஏ2 என நிலை குறித்திருப்பார்கள். தொடக்க நிலைகளான அந்த இரண்டில் நில்லுங்கள். என்.சி.இ.ஆர்.டி. ஆங்கில நூல்களும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு நூலை ஒன்பதாம் வகுப்புக் கூடுதல் வாசிப்புக்குத் தந்தால் நன்றாகப் போகிறது.

எந்தக் கதை எந்தப் பிள்ளைக்குச் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அகராதியோ ஆசிரியரோ துணையில்லாமல் இயல்பாகப் படித்துப் புரிய வேண்டுமானால் நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற சொல்லாய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் வகுப்புக்கு எளிய வழி: ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றோ இரண்டோ மடங்கினால் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

சொல்லளவு குறைந்த எளிய வாசகங்கள் என்ற எண்ணமே நம் துணைக்கண்டத்து வகுப்பறையில் வளர்ந்தது. 1920களில் டாக்காவில் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் அளவுக்கு மீறிய புதுச் சொற்களில் மூழ்கிப்போவதைக் கண்டு, அடிக்கடி புழங்கும் சொற்களை மட்டும் வைத்து வாசகங்கள் எழுதினார். 1953இல் வெளியான அவருடைய பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு அவை கைவசமாகிவிட்டால் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தைரியமாகத் திறக்கும்.

ஐம்பது பேர் வகுப்பில் எல்லோரையும் பேச வைக்க முடியுமா? சத்தம் பக்கத்து கிளாஸுக்குப் போகுதே.

ஒவ்வொருவராக எழுந்து நின்று பேசினால் ஒரு பாடவேளையில் எட்டு, பத்துப் பேருக்கு மேல் பேச முடியாது. பெஞ்சுத் துணையோடு பேசினால் ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேர் பேசுகிறார்கள். அதனால் கருவியும் ஜோடிக்கானதாக இருக்க வேண்டும். ஒரே வரைபடத்தின் இரண்டு வடிவங்களைத் தயாரியுங்கள்: ஒன்றில் ரேஷன் கடை, தபால் நிலையம், கோயில் குறித்திருக்கும், நூலகமும் வங்கியும் இருக்காது; இன்னொன்றில் நேர்மாறு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வில் வழிகாட்டும் வரைபடக் கேள்விக்கும் இதுவே பயிற்சி. பாடநூல் வரைபடத்துக்குப் பதில் உங்கள் பள்ளித் தெருவை வரையுங்கள், வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

ஓட்டச் சொல்லெழுது என்று ஒன்று உண்டு. நான்கு வாக்கியங்களை எழுதி வராந்தாச் சுவரில் ஆறு இடங்களில் ஒட்டுங்கள். ஜோடியில் ஒருவர் போய்ப் படித்து, மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாற வேண்டும். படித்தல், நினைவு, பேச்சு, கேட்டல், எழுத்து ஐந்தும் ஒரே செயலில். பெயரில் ஓட்டம் இருந்தாலும் நடந்துதான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சரளத்துக்கு இன்னொரு பயிற்சி. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், வேறொருவரிடம் மூன்று, மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை சொல்லும்போது தடுமாற்றம் எவ்வளவு குறைகிறது என்று அவர்களே கவனிப்பார்கள். சத்தத்துக்கு மட்டும் எல்லை வையுங்கள்: முன் பெஞ்சுக்குக் கேட்கக் கூடாது, துணைக்குக் கேட்டால் போதும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது மரியாதை.

தமிழில் அர்த்தம் சொல்லலாமா, கூடாதா? ஒவ்வொரு ட்ரெயினிங்கிலும் ஒவ்வொன்று சொல்றாங்க.

சொல்லலாம். ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்ல ஒரு நொடி ஆகும். அதே சொல்லை ஆங்கிலத்திலேயே நடித்தும் வரைந்தும் விளக்க ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளை பேசப் பயன்படுத்தலாம். எதைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பையும் முதல்முறை தமிழில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அதே குறிப்பு ஆங்கிலத்தில்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவதுதான் வேண்டாம். அப்போது பிள்ளை தமிழ்க் கதையைக் கேட்கிறது, ஆங்கில வரி சும்மா கடந்து போகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிப் படிக்கும் பழக்கத்தையும் ஒன்பதாம் வகுப்புக்குள் நிறுத்தப் பாருங்கள். தமிழில் எழுதினால் தட்டுவதும் மட்டையும் ஒரே 'பேட்' ஆகிவிடும், இரண்டு ஒலிக்கும் நமக்குப் பகரம் ஒன்றே.

இலக்கணத்துக்கு ஒர்க்‌ஷீட் போட்டுக்கிட்டே இருக்கேன். நிரப்பிடுறாங்க, ஆனா பேசும்போது 'ஷி கோ'தான்.

கோடிட்ட இடத்தை நிரப்புவது விதியைச் சோதிக்கிறது, வாய்க்குப் பழக்கம் தருவதில்லை. பழைய மாற்று அட்டவணையைத் திரும்ப எடுங்கள். கரும்பலகையில் மூன்று பத்தி: முதலில் நான், அம்மா, தம்பி, நாங்கள் என நான்கு எழுவாய், நடுவில் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்ற மூன்று, கடைசியில் காபி குடிப்பது, பஸ்ஸில் போவது, டிவி பார்ப்பது, சமைப்பது என நான்கு. எல்லாம் ஆங்கிலத்தில். 48 வாக்கியங்கள் வரும். அதில் ஒரு நிபந்தனை: தன் வீட்டுக்கு உண்மையான வாக்கியத்தை மட்டும் சொல்ல வேண்டும். "என் தம்பி ஒருபோதும் சமைப்பதில்லை" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்கிறது, அதோடு வினையின் கடைசி 'எஸ்' ஒலியும் ஒட்டிக்கொள்கிறது.

நம் பிள்ளைகளுக்கே உரிய பிழைகளைத் தனி நோட்டில் சேருங்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஹி டோல்டு தட்' போன்றவை தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலிருந்து வருபவை. யார் எழுதியது என்று சொல்லாமல் வாரம் ஐந்து வாக்கியம் பலகையில் எழுதி ஜோடியாகத் திருத்த விடுங்கள். தேர்வில் பிழை திருத்தும் கேள்விக்கும் அதுதான் பயிற்சி.

என் உச்சரிப்பே சரியில்லையே மேடம், நான் எப்படிச் சொல்லித் தருவது?

பிறருக்குப் புரிகிற தெளிவான உச்சரிப்பு போதும், லண்டன் குரல் வேண்டாம். நீங்கள் தினமும் பேசுவதுதான் பிள்ளை கேட்கும் முதல் ஆங்கிலம். வெட்கப்பட்டுத் தமிழுக்கு மாறினால் அதுவும் போய்விடும். சந்தேகமான சொற்களை இணைய அகராதியில் ஒலிக்க விட்டுக் கேளுங்கள், எந்த அசை அழுத்தமாக வருகிறது என்று பாருங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசைக்கும் ஃபடாக்ரஃபி என்பதில் இரண்டாம் அசைக்கும் அழுத்தம். வகுப்பில் கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். செல்போனும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் இருந்தால் கேட்டல் பயிற்சிக்கு வேறொன்றும் வேண்டாம்.

கடைசியில் கைடுதானே மார்க் வாங்கித் தருது?

பாஸ் மார்க்குக்குக் கைடு உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2019-20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் பத்து, எட்டு மதிப்பெண் இரண்டு. ஐந்து மதிப்பெண் பகுதியிலேயே 50 வருகிறது. அதில் கடிதம், அறிவிப்பு, விளம்பரம், படம் பார்த்து எழுதுவது, பிழை திருத்துவது எல்லாம் மனப்பாடத்தில் அடங்காதவை. படம் மாறும், விவரம் மாறும். ஷூ பெட்டியில் சேர்த்த விளம்பரங்களையும் பத்திரிகைப் படங்களையும் பார்த்து வாரம் ஒருமுறை ஐந்து வாக்கியம் எழுதி வந்த பிள்ளை அங்கே திணறாது.

நல்லா படிக்கிறவங்களும் எழுத்தே தெரியாதவங்களும் ஒரே ரூம்ல. இரண்டு செட் மெட்டீரியல் தயாரிக்க எனக்கு நேரமில்லை.

தயாரிக்க வேண்டாம். பகுதி ஒன்றாகவே இருக்கட்டும், வேலையை மட்டும் மாற்றுங்கள். ஒரே பத்தியை எல்லோருக்கும் கொடுத்து, தொடக்க நிலைப் பிள்ளைகள் அதில் வரும் பெயர்கள், எண்கள், ஊர்களுக்கு வட்டமிடட்டும். நடுவில் உள்ளவர்கள் நான்கு வாக்கியம் சரியா தவறா என்று குறிக்கட்டும். நன்றாகப் படிப்பவர்கள் மூன்று கேள்விகள் உருவாக்கட்டும், அவற்றை அடுத்த நாள் வகுப்புக்குக் கேளுங்கள். தாளின் பின்பக்கத்தில் மூன்று வேலையையும் அச்சிட்டுவிட்டு, எது வரை முடியுமோ அது வரை போகச் சொன்னால் யாரையும் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டியதில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு மேலே சொன்ன பத்து நிமிடக் குழு தனியாக நடக்கட்டும்.

புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தா காப்புரிமைப் பிரச்சினை வருமா?

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் வழியில் நகலெடுப்பதை விதிவிலக்காக வைத்திருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்த விதிவிலக்கை விரிவாகவே எடுத்துக்கொண்டது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆகவே வகுப்புக்காக ஒரு பாடத்தையோ சில பக்கங்களையோ நகலெடுக்கத் தயங்க வேண்டாம். முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்பதும், பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த படைப்புகளுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிடும். அந்தக் கதைகளைச் சுருக்கலாம், எளிமையாக்கலாம், நாடகமாக்கலாம்.

ஏ.ஐ.-கிட்ட கேட்டா நிமிஷத்துல ஒர்க்‌ஷீட் தருது. அதையே கொடுத்துடலாமா?

தயாரிக்கப் பயன்படுத்துங்கள், படிக்காமல் கொடுக்காதீர்கள். அது நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: கடினமான பத்தியை எளிய சொற்களில் எழுதித் தருவது. "பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வாக்கியம் வேண்டாம், நிகழ்காலமும் இறந்தகாலமும் போதும்" என்று குறிப்பாகக் கேட்டால் நல்ல பலன் கிடைக்கும். பேருந்து அட்டவணை, வரைபட விவரம், இரண்டு வடிவச் சீட்டு ஆகியவற்றையும் இதில் விரைவாகத் தயாரிக்கலாம்.

விடைக் குறிப்பை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தவறான விடையையும் நிச்சயத்தோடு சொல்லும். நம் பாடநூலில் இல்லாத வரியை இருப்பதாகச் சொல்வதும் உண்டு. தமிழ்ப் பொருள்களைக் கட்டாயம் சரிபாருங்கள். பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், குடும்ப விவரம் எதையும் அதில் உள்ளிடாதீர்கள். வீட்டுப்பாடத்தை அதனிடம் எழுதி வாங்கி வந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் திட்டுவதில் பயனில்லை. எழுதியதைத் துணையிடம் புத்தகம் பார்க்காமல் ஒரு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஹெச்.எம். "முதல்ல போர்ஷனை முடிங்க" என்கிறார். இதையெல்லாம் எந்த நேரத்தில் செய்வது?

கூடுதலாகச் செய்ய வேண்டாம், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைச் செய்யுங்கள். பாடத்தின் கேள்வி-பதிலைப் பலகையில் எழுதிப் பார்த்தெழுத வைக்கும் பாடவேளை ஒன்று எல்லோர் அட்டவணையிலும் இருக்கிறது. அந்த விடைகளையே ஓட்டச் சொல்லெழுதாக்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நோட்டில் விடையும் வந்துவிடும், பிள்ளை படித்துச் சொல்லி எழுதியதாகவும் ஆகும். துணைப்பாடக் கதையின் வாக்கியங்களை வெட்டிக் கலைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் அது தேர்வு வினாவும்கூட. நோட்டைக் காட்டினால் ஹெச்.எம்.முக்கும் கணக்கு நேராகிவிடும்.

நான் தயாரித்த மெட்டீரியல் உண்மையிலேயே பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பது சான்றாகாது. இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், அதே வகையில் வேறு விவரங்களோடு ஒரு தாள் கொடுங்கள்: வேறு ஊர் வரைபடம், வேறு பேருந்து நேரம். உதவியில்லாமல் எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேருக்கு மேல் செய்திருந்தால் அந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அனுப்புங்கள். குறைவாக இருந்தால் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று பாருங்கள். பல நேரம் பிரச்சினை ஆங்கிலத்தில் இருக்காது. குறிப்பு புரியாமலிருக்கும், எழுத்து பொடியாக அச்சாகியிருக்கும், ஒரே தாளில் நான்கு வேலை திணித்திருப்போம். அதைத் திருத்தி அடுத்த பிரிவுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி எண்ணுங்கள்.